பிரேம் பழசென்றால் படமும் பழசா?

சென்னைக் கோட்டையையோ மாமல்லபுரத்தையோ காட்டும் பழைய படம் ஒன்று சில வீட்டுக் கூடங்களில் தொங்கும். மூலக் காட்சி பெரும்பாலும் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் வரைந்ததாக இருக்கும். 1786 முதல் 1793 வரை இந்தியாவில் சுற்றிய இவர்கள், 1795–1808இல் லண்டனில் 144 அக்வாடின்ட் படங்களை வெளியிட்டார்கள். அவற்றுக்கு மறுபிரதிகள் ஏராளம். அதனால்தான் இத்தனை தவறான நம்பிக்கைகள்.

நம்பிக்கை: தேக்கு பிரேம், மங்கிய கண்ணாடி, ஆகவே படமும் அசல்.

உண்மை: காலண்டர் படத்தையும் பழைய பிரேமில் போடலாம். பார்க்க வேண்டியது தாளை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வானப் பகுதியில் வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை பிடித்து நின்றால் அது ஆஃப்செட் அச்சு. அக்வாடின்ட் என்பது செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடி படியவைத்து, அமிலத்தால் அரித்து எடுப்பது. அதில் ஒழுங்கில்லாத நுண்மணிகளே தெரியும். வண்ணம் கையால் தீட்டியது. ஓரம் வெட்டப்படாமல் இருந்தால் தகடு அழுந்திய தடமும் இருக்கும்.

நம்பிக்கை: கீழே ஓவியரின் பெயரும் 1797 என்ற ஆண்டும் இருக்கின்றன, வேறென்ன சாட்சி வேண்டும்?

உண்மை: இரண்டும் தகட்டில் செதுக்கியவை. மறுபிரதியிலும் அப்படியே வரும். ஓவியர்கள் பிரதியில் பென்சிலால் கையெழுத்திடுவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. டேனியல் படத்தில் பென்சில் கையெழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நம்பிக்கை: துடைத்துச் சுத்தம் செய்தால் விலை ஏறும்.

உண்மை: இறங்கும். ஈரத்துணி பட்டால் கைவண்ணம் கரையலாம். பிரேமுக்குள் அடங்கட்டும் என்று ஓரத்தை வெட்டுவதும், கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவதும் மதிப்பைக் குறைக்கும். பழுப்புப் புள்ளிகளைத் தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: இணையத்தில் இதே படத்துக்கு லட்சங்கள் கேட்கிறார்கள்.

உண்மை: கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஏலத்தில் முடிந்த விலையைப் பாருங்கள். அதுவும் அதே காட்சி, அதே பதிப்பு, அதே நிலையில் உள்ள தாள் என்றால்தான் ஒப்பிட முடியும். பெரிய பதிப்பின் படங்கள் ஏறத்தாழ 60 செ.மீ. அகலமானவை. 1812–16இல் டேனியல்களே வெளியிட்ட சிறிய பதிப்பு தனி ரகம்.

நம்பிக்கை: அசல் என்று தெரிந்தால் வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பிவிடலாம்.

உண்மை: நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் தடுக்கிறது. உள்நாட்டில் விற்கலாம். பிற்கால அச்சுதான் என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறலாம். வெளிநாட்டுக்காரரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.