வீட்டை விற்கப் போகிறீர்களா? சுசீந்திரம் சொல்லும் சுத்தம்!

நாகர்கோவில் பக்கம் பூர்வீக வீடு. பிள்ளைகளோ சென்னையிலும் பெங்களூரிலும். 'பூட்டிக் கிடப்பதை விற்றுவிடலாம்' என்று வீட்டில் முடிவெடுத்தாயிற்று. உடனே ஒட்டடை அடிப்போம், உடைந்த ஓடுகளை மாற்றுவோம், வெள்ளை அடிப்போம். எல்லாம் சரிதான். ஆனால், வீட்டுக்கு இன்னொரு சுத்தமும் உண்டு. அதைச் சொல்லித் தருகிறது, அருகிலேயே இருக்கும் சுசீந்திரம்!

சிவன், திருமால், பிரம்மா மூவரும் ஒருங்கே தாணுமாலயனாக அருளும் தலம் இது. கௌதம முனிவரின் சாபத்துக்கு ஆளான இந்திரன், இங்கு வழிபட்டுத் தூய்மை பெற்றான் என்கிறது தலபுராணம். 'சுசி' என்றால் தூய்மை. குற்றம் சாட்டப்பட்டவர், கொதிக்கும் நெய்யில் கைவிட்டு உண்மையை நிரூபிக்கும் 'கைமுக்கு' வழக்கமும் ஒருகாலத்தில் இங்கு இருந்தது. 19-ம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. இன்று நெய்க் கொப்பரை இல்லை. ஆனால், சாட்சியாக சுவாமி இருக்கிறார்!

விற்கும் முன் மூன்று விஷயங்களைச் சுத்தமாக்குங்கள்.

முதலாவது, தெய்வம். பூஜையறைப் படங்களை மூலையிலோ மரத்தடியிலோ விட்டுவிட்டு வராதீர்கள். அரங்கையும் பத்தயத்தையும் திறந்து பாருங்கள். பாட்டி ஏற்றிய விளக்கு அங்கே கிடக்கலாம். அதை முதலில் எடுத்து வையுங்கள். கருவறை மண்ணையே பிரசாதமாகத் தரும் நாகராஜரின் கோயிலால் பெயர் பெற்ற ஊர் நாகர்கோவில். உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் நாகர் சிலை இருந்தால், நீங்களாக அகற்ற வேண்டாம். குடும்பப் பெரியவர்களையும் அர்ச்சகரையும் கேட்டுச் செய்யுங்கள். அங்கேயே இருக்கட்டும் என்றால், வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் பெறுங்கள்.

இரண்டாவது, பங்கு. 1956 நவம்பர் 1-ல்தான் இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முந்தைய பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கலாம். (கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்.) விவரம் தெரிந்தவரைக் கொண்டு படித்து, வில்லங்கச் சான்றும் எடுங்கள். '40 பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே, நாத்தனாரை எதற்குக் கேட்க வேண்டும்?' என்று நினைக்காதீர்கள். 2005-ம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் உண்டு. கையெழுத்துக்கு மட்டும் அவரை அழைக்காமல், விலை பேசும்போதே அழையுங்கள். பிறந்த வீட்டுப் பெண் கண்ணீரோடு படியிறங்கினால், அந்தப் பணம் நமக்கு எப்படித் தங்கும்?

மூன்றாவது, சொல். மழைக்கு அடுக்களை ஒழுகுமா? கோடையில் கிணறு வற்றுமா? பக்கத்து வீட்டோடு எல்லைத் தகராறு உண்டா? புதுச் சுண்ணாம்புக்குள் எதையும் மறைக்காதீர்கள். வாங்குபவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவரே சொல்ல வேண்டும் என்கிறது, சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. தர்மமும் அதைத்தானே சொல்கிறது? விலையில் கொஞ்சம் குறையலாம். ஆனால், இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

சாவி கொடுப்பதற்கு முந்தைய மாலை, வீட்டைப் பெருக்கி, வாசலில் கோலமிட்டு, விளக்கேற்றுங்கள். 'இத்தனை காலம் எங்களைக் காத்தாய். இனி வருபவர்களையும் காப்பாற்று' என்று நிலைப்படியைத் தொட்டு வணங்குங்கள். பிறகு, மனதில் எந்த உறுத்தலும் இல்லாமல் சாவியைக் கொடுங்கள். தாணுமாலயன் உங்களுக்குத் துணையிருப்பார்!