மாவு விற்ற காசுக்குத் தனிக் கணக்கு

வீட்டிலிருந்தே இட்லி மாவோ மசாலாப் பொடியோ விற்கத் தொடங்கும் பெண்கள் முதலில் கடனுக்கு அலைய வேண்டாம். தங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கைத் தொடங்கி, க்யூஆர் அட்டையையும் அதோடு இணைப்பதே முதல் வேலை. பணம் கணவரின் எண்ணுக்குப் போனால், அது மளிகைக்கும் பால்காரருக்கும் கரைந்துவிடும். லாபமா நட்டமா என்பதே தெரியாது. வங்கியும் உங்கள் உழைப்பைப் பார்ப்பதில்லை, வரவு செலவு அறிக்கையைத்தான் பார்க்கிறது. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமின்றிக் கடன் உண்டு. ஆறு மாத வரவைக் காட்ட முடிந்தால் மேலாளரிடம் பேச்சு சுலபம்.

அடுத்தது தொழிலைப் பதிவு செய்வது. "இத்தனூண்டு வியாபாரத்துக்குப் பதிவெல்லாம் எதற்கு, வரி வந்துவிடுமே" என்பார்கள். வரி வருமானத்தையும் விற்பனையையும் பொறுத்தது. பதிவு செய்ததாலேயே வராது. சிறுதொழில்களுக்காக 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள உத்யம் பதிவுக்கு ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணமே கிடையாது (காசு கேட்கும் இணையதளங்கள் இடைத்தரகர்களுடையவை). உணவுப் பொருளுக்கு மட்டும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவும் கட்டாயம். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். கடைசியாக, விலை வைக்கும்போது கேஸ், மின்சாரம், உங்கள் கூலி மூன்றையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.