எழுபது வயதில் சூப்பர் மரியோ

ஜப்பானைச் சேர்ந்த ஹமாகோ மோரி பிறந்தது 1930-இல். வீடியோ கேம் பக்கம் அவர் வந்தது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1981-இல். தொண்ணூறு வயதிலும் ஆடி, அதை யூடியூபில் காட்டிக்கொண்டிருந்தார். கேம் ஆடும் யூடியூபர்களில் உலகிலேயே மூத்தவர் என்று 2020-இல் கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. ‘இந்த வயதில் இதெல்லாம் கைவராது’ என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு அவர் ஒருவரே போதும். ஆனால் கேம் மூளையைக் காக்குமா என்ற கேள்விக்கு ஒருவரின் கதை விடையாகாது.

‘முதிய மூளை புதிதாக எதையும் பழகாது’ என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஆடம் கசாலியின் ஆய்வுக்குழு ‘நியூரோரேஸர்’ என்ற கேமை உருவாக்கியது. வளைந்து செல்லும் சாலையில் கார் ஓட்ட வேண்டும். அதே நேரத்தில் குறிப்பிட்ட அடையாளம் தோன்றினால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். 60 முதல் 85 வயது வரையுள்ளவர்கள் ஒரு மாதத்தில் மொத்தம் 12 மணி நேரம் ஆடினார்கள். பயிற்சியில்லாத இருபது வயதினரை விடவும் அவர்கள் இந்த இரட்டை வேலையைத் திறமையாகச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தத் திறமை குறையவில்லை. கேமில் இல்லாத கவனச் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. 2013-இல் ‘நேச்சர்’ இதழ் இதை வெளியிட்டது.

இப்படிப்பட்ட முடிவுகள் வெளிவரும் காலத்தில்தான் வியாபாரமும் சூடுபிடித்தது. ‘மூளைப் பயிற்சி’ என்று பெயரிட்டால் எந்த ஆப்பும் மறதியைத் தடுக்கும் என்று மக்கள் நம்பத் தொடங்கினார்கள். இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. பயந்துபோன குடும்பங்களின் பணத்தை அது பறிக்கிறது. ‘லுமாசிட்டி’ என்ற மூளைப் பயிற்சி ஆப்பை நடத்தும் நிறுவனம், முதுமையில் வரும் அறிவுத்திறன் சரிவைத் தள்ளிப்போடலாம் என்று போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016-இல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு நிறுவனம் அந்த வழக்கை முடித்துக்கொண்டது.

‘குறுக்கெழுத்தை விட கம்ப்யூட்டர் கேம் மேல்’ என்பதும் சரியல்ல. கொலம்பியா, டியூக் பல்கலைக்கழகங்கள் லேசான அறிவுத்திறன் குறைபாடு கொண்ட 107 பேரிடம் ஆய்வு நடத்தின. ஒரு பகுதியினருக்குக் கணினிக் கேம்கள், மற்றவர்களுக்குக் கணினியிலேயே குறுக்கெழுத்து. 78 வாரங்களுக்குப் பிறகு நினைவு, சிந்தனைச் சோதனைகளில் குறுக்கெழுத்துக்காரர்களே முந்தியிருந்தார்கள். இது 2022-இல் வெளியானது.

அப்படியானால் எந்தக் கேம்? இங்கேதான் பலரும் கவனிக்காத வேறுபாடு இருக்கிறது. மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 55 முதல் 75 வயது வரையுள்ள 33 பேர் ஆறு மாதம் கலந்துகொண்டார்கள். ஒரு குழு ‘சூப்பர் மரியோ 64’ ஆடியது. ஒரு குழு பியானோ கற்றது. மூன்றாவது குழுவுக்கு ஒரு பயிற்சியும் இல்லை. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸில் சாம்பல் நிறப் பொருள் அதிகரித்தது மரியோ குழுவுக்குத்தான். அறிமுகமில்லாத முப்பரிமாண உலகில் வழி தேடி, இடங்களை மனதில் வரைந்துகொள்ள அந்த ஆட்டம் கட்டாயப்படுத்துகிறது. பின்னர் கலிபோர்னியாவில் 60 முதல் 80 வயதினரிடம் நடந்த ஆய்வும் இதை ஒட்டியே வந்தது: மரியோ நினைவாற்றலை மேம்படுத்தியது, கணினியில் ஆடும் சாலிடேர் சீட்டாட்டத்துக்கு அந்தப் பலன் இல்லை. முப்பத்துமூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான்; அதை வைத்து யாரும் மருந்துச் சீட்டு எழுத முடியாது. ஆனாலும், கை பழகிப்போன ஆட்டத்தையே ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப ஆடும் பெரியவருக்குப் புதிய கேம் ஒன்றைப் பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க இது போதுமான காரணம்.

‘கேம் ஆடினால் டிமென்ஷியா என்னும் மறதிநோய் வராது’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்தக் கூற்றுக்கு மிக அருகில் வந்தது ‘ஆக்டிவ்’ என்ற அமெரிக்க ஆய்வு. 65 வயது கடந்த 2,832 பேர் அதில் இருந்தார்கள். திரையில் மின்னி மறைவதை விரைவாக இனங்காணும் பயிற்சி பெற்றவர்களுக்கு, பத்து ஆண்டுகளில் டிமென்ஷியா ஆபத்து 29 சதவீதம் குறைவு என்று 2017-இல் கணக்கிட்டார்கள். நினைவாற்றல் பயிற்சி பெற்ற குழுவுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. நோயை முழு மருத்துவப் பரிசோதனையால் உறுதிசெய்யவில்லை என்பதால் இந்த எண்ணையும் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேமைத் தாண்டியும் கவனிக்க வேண்டியவை உண்டு. காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகின் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது 2024-இன் லான்செட் ஆணைய அறிக்கை. வீட்டுப் பெரியவர் பழகிய தெருவிலேயே வழி தவறினாலோ, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலோ, ஆப் தேடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு போன்றவையும் மறதியைத் தரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு.