ஆன்லைன் கணக்குக்கு மாறும்போது நிலுவை ஆர்டர்களில் கவனம்

2007-ல் மின்னணு ஏலம் வந்தபோதே போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகர்களாகிய நாம் கணினிக்குப் பழகிவிட்டோம். இப்போது கடைக் கணினியில் இருந்த கணக்கை ஆன்லைன் மென்பொருளுக்கு மாற்றி வருகிறோம். அப்போது விட்டுப்போவது நிலுவை ஆர்டர்கள்தான்.

பில் போட்டால்தான் விற்பனை. ஆர்டர் என்பது வாக்கு. அது பேரேட்டில் ஏறுவதில்லை. பேரேட்டு இருப்புகளை மட்டும் மாற்றினால் ஆர்டர்கள் பழைய கணினியிலேயே தங்கிவிடும்.

உதாரணமாக, வெளியூர் வியாபாரி ஒருவர் 500 கிலோ கேட்டு, 1,00,000 ரூபாய் முன்பணம் அனுப்பியிருக்கிறார். 300 கிலோவுக்குப் பில் போட்டு, முன்பணத்தில் 60,000 ரூபாயைக் கழித்தாயிற்று. புதிய மென்பொருளில் 500 கிலோ என்று பதிந்தால், போன சரக்கே மறுபடியும் போகும். மீதி 200 கிலோவை மட்டும் பதிய வேண்டும். மீதி முன்பணம் 40,000 ரூபாய் அவர் பெயரில் ஆரம்ப இருப்பாக வரவில் நிற்க வேண்டும்; புது ரசீது போடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை:

1. மாற்றத்துக்கு ஏப்ரல் 1 வசதியான நாள். ஒரே நிதியாண்டில் ஜி.எஸ்.டி. பில் எண் இரட்டிக்கக் கூடாது. நடுவில் மாறுவோர் பழைய வரிசையைத் தொடரலாம்.

2. முந்தைய நாள் மாலை நிலுவைப் பட்டியலை அச்சிட்டு, தரம், எடை, விலையை வாடிக்கையாளரிடம் உறுதி செய்ய வேண்டும். ஏல விலை மாறிக்கொண்டே இருக்கும். ஒப்புக்கொண்ட விலையையே பதிய வேண்டும்.

3. புதிய பதிவில் பழைய ஆர்டர் எண்ணைக் குறித்து, பழையதை முடித்துவிட வேண்டும்.

4. குரங்கணி போன்ற மலைப்பகுதிகளில் இணையம் கிடைக்காதபோது எடுக்கும் ஆர்டரை நோட்டில் எழுதி, கடைக்கு வந்ததும் ஒருவரே பதிய வேண்டும்.

கிடங்கு இருப்பும் நிலுவைப் பட்டியலும் ஒத்துப்போன பிறகே புதிய மென்பொருளில் முதல் பில்லைப் போடுவோம்.