கல்லீரலுக்கு ஸ்கேனா, ஊசியா?

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய அப்பாவின் ரிப்போர்ட்டுகளை நிதானமாகப் படித்தேன். "ஃபைப்ரோஸ்கேனில் 9.6 வந்திருக்கிறது, டாக்டர் பயாப்ஸி எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். ஸ்கேன் இருக்கும்போது ஊசி எதற்கு பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். ஊசியில் எடுத்த கல்லீரல் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதே என் தொழில். அந்தத் துணுக்கின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் ஃபேட்டி லிவர் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஊசி வேண்டியதில்லை. உன் அப்பாவுக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

கல்லீரலில் கொழுப்பு படிகிறது. சிலருக்கு அது அழற்சியாகிறது. அழற்சி ஆறுகிற இடங்களில் தழும்புபோல நார் விழுகிறது. மூன்றிலும் நாம் முதலில் அஞ்ச வேண்டியது நாருக்குத்தான். அது எவ்வளவு என்பதை எஃப்0 முதல் எஃப்4 வரை படி பிரித்துச் சொல்கிறோம். எஃப்4 என்றால் சிரோசிஸ்.

இந்தப் படியை அறிய நெடுங்காலம் ஊசி ஒன்றே வழியாக இருந்தது. இத்தாலிய மருத்துவர் மெங்கினி 1958இல் வெளியிட்ட முறையில் ஊசி கல்லீரலுக்குள் ஒரு நொடிதான் இருக்கும். மரத்துப்போக மருந்து போட்டு, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, வலப்பக்க விலா இடுக்கில் குத்தி எடுப்பார்கள். பிறகு சில மணி நேரம் படுக்கையில் வைத்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கவனிப்பார்கள். வலி பலருக்கும் இருக்கும். ஆபத்தான ரத்தக்கசிவு அரிது. உயிரிழப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் சொல்லப்படுகிறது. அரிதுதான், ஆனால் இல்லாத ஒன்றல்ல.

நீ அறிய வேண்டிய இன்னொன்று, அந்தத் துணுக்கு முழுக் கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் என்பது. நார் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழுவதில்லை. ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளின் வலது, இடது மடல்கள் இரண்டிலிருந்தும் எடுத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2002இல் வந்தது. சுமார் மூன்றில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் ஒரு படியாவது வேறுபட்டது. இரண்டு சென்டிமீட்டராவது நீளம் இல்லாத துணுக்கு வந்தால் படியை உறுதியாகச் சொல்லத் தயங்குவேன்.

ஃபைப்ரோஸ்கேன் வேறு வழியில் போகிறது. விலா இடுக்கில் வைக்கும் கருவி தோலின்மேல் மெல்லத் தட்டுகிறது. அந்த அதிர்வலை உள்ளே ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் அளக்கிறது. தொய்ந்த கயிற்றை உதறினால் அலை மெதுவாக நகரும், இழுத்துக் கட்டிய கயிற்றில் விர்ரென்று ஓடும் அல்லவா, அதேபோல நார் விழுந்து இறுகிய கல்லீரலில் அலை வேகமாக ஓடும். அந்த இறுக்கத்தைத்தான் கிலோபாஸ்கலில் எழுதுகிறார்கள். ஊசித் துணுக்கைவிடச் சுமார் நூறு மடங்கு பெரிய பகுதியை இது அளந்துவிடுகிறது. வலி இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆனால் இந்த எண் சொல்வது இறுக்கத்தை, நாரை அல்ல. இறுக்கம் நாரால் மட்டும் வருவதில்லை. சாப்பிட்டவுடன் கல்லீரலுக்கு ரத்தம் கூடுதலாக ஓடும்போதும், கடும் அழற்சியின்போதும், இதயம் பலவீனமாகிக் கல்லீரலில் ரத்தம் தேங்கும்போதும், பித்தநாளம் அடைபட்டாலும் எண் ஏறும். அதனால்தான் குறைந்தது மூன்று மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று நீயே எழுதியிருக்கிறாய். ரிப்போர்ட்டின் அடியில் ஐக்யூஆர் 38 சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருப்பதையும் பார். எடுத்த பத்து அளவுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் கணக்கு அது. இந்த அளவிலான எண்ணுக்கு அது 30ஐத் தாண்டக்கூடாது. ஆகவே 9.6ஐ நம்பி எந்த முடிவுக்கும் போகாதே. வெறும் வயிற்றில் இன்னொரு முறை எடுக்கச் சொல்.

அதற்குள் நீயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபிப்-4 என்பார்கள். வயதையும் எஸ்ஜிஓடி என்ற கல்லீரல் நொதியின் அளவையும் பெருக்கு: 52 × 48. பிளேட்லெட் 2,10,000, அதை ஆயிரக்கணக்கில் 210 என்று எடுத்து, எஸ்ஜிபிடி என்ற இன்னொரு நொதியின் அளவான 64இன் வர்க்கமூலமான எட்டால் பெருக்கு. முதல் தொகையை இரண்டாவதால் வகுத்தால் 1.49 வரும். 1.3க்குக் கீழே என்றால் முற்றிய நார் இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். அப்பா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஸ்கேன். மறு ஸ்கேன் 8க்குக் கீழே வந்தால் ஊசிப் பேச்சே வேண்டாம். 12க்கு மேல் வந்து மற்ற சோதனைகளும் ஒத்துப்போனால், முற்றிய நார் என்றே வைத்துச் சிகிச்சையைத் தொடங்கலாம். அதற்கும் பெரும்பாலும் ஊசி வேண்டியதில்லை. இடையில் நின்றால், எம்ஆர்ஐ மூலம் இறுக்கத்தை அளக்கும் எம்ஆர் எலாஸ்டோகிராஃபி இருக்கிற ஆஸ்பத்திரியில் எடுத்துப் பார்க்கலாம். அதுவும் தெளிவு தராவிட்டால் அப்போது பயாப்ஸி.

ஊசியைத் தட்டிக் கழிக்கக்கூடாத இடமும் உண்டு. எவ்வளவு பாதிப்பு என்பதை விட்டு, எதனால் பாதிப்பு என்று கேட்கும்போது ஸ்கேனிடம் பதில் இல்லை. கோவிட் காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் கொடி சாப்பிட்டுவந்த சிலருக்கு மஞ்சள் காமாலை வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோயின் சாயல் அங்கே தெரிந்தது திசுவில்தான். திசுவில் தெரியும் அழற்சிச் செல்களை எந்த ஸ்கேனும் காட்டாது. மாற்றுக் கல்லீரலை உடல் நிராகரிக்கிறதா என்ற சந்தேகத்திலும் நாங்கள் திசுவைத்தான் கேட்போம்.

அந்த டாக்டர் அப்படி எதையாவது சந்தேகித்திருக்கலாம். எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்குகிறதா என்று பார்க்கும் ஏஎன்ஏ, ஐஜிஜி ரத்தச் சோதனைகள் நீ அனுப்பியவற்றில் இல்லை. "இந்தத் துணுக்கில் எதைத் தேடப் போகிறீர்கள், அது தெரிந்தால் சிகிச்சை மாறுமா?" என்று மரியாதையாகக் கேள். மாறும் என்று காரணத்தோடு சொன்னால் பயப்படாமல் சம்மதியுங்கள். அப்படியானால் அப்பா ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கச் சொல். அப்பாவின் பழைய ரத்தச் சோதனைத் தாள்கள் பீரோவில் இருந்தால் அவற்றையும் அனுப்பு. எஸ்ஜிபிடி எந்த வருஷம் ஏறத் தொடங்கியது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா