ஸ்விங் மாநிலத்துல "2 புள்ளி முன்னிலை"னு வந்தா நம்பலாமா? கருத்துக் கணிப்பும் உங்க எஸ்ஐபியும்



அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் நெருங்கினாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல இந்த மாதிரி மெசேஜ் சுத்த ஆரம்பிச்சிடும். "பென்சில்வேனியாவுல இவர் 2 புள்ளி முன்னிலை. இவர் வந்தா ஐடி ஷேர் இறங்கும், ஹெச்-1பி விசா கஷ்டம். நாஸ்டாக் ஃபண்டை இப்பவே வித்துடு." அடுத்த தேர்தல் 2028 நவம்பர் 7. இந்த மெசேஜை எப்படிப் படிக்கணும்னு இப்பவே கத்துக்கிட்டா, அப்போ அவசரப்பட்டு காசை இழக்க வேண்டியிருக்காது.

முதல்ல, ஏன் சில மாநிலங்களை மட்டும் பார்க்கறாங்க?

நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கினவர் ஜெயிப்பார்னு அங்க கிடையாது. மாநிலவாரியா உள்ள 538 தேர்வாளர் ஓட்டுல 270 வாங்கணும். பெரும்பாலான மாநிலங்கள் எந்தப் பக்கம்னு முன்னாடியே தெரியும். 2024-ல தெரியாம இருந்தது ஏழு: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா. இதைத்தான் ஸ்விங் மாநிலங்கள்னு சொல்றோம்.

இங்க வித்தியாசம் எவ்வளவு சின்னதுன்னு பாருங்க. 2020-ல பைடன் ஜார்ஜியாவுல 11,779, அரிசோனாவுல 10,457, விஸ்கான்சின்ல 20,682 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். மொத்தம் 43,000 கூட இல்ல. நாடு முழுக்க பதிவானது 15 கோடிக்கும் மேல. இந்த மூணு மாநிலமும் மாறியிருந்தா 269–269னு சமமா நின்னிருக்கும். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை சில நூறு பேர்கிட்ட கேட்டு அளக்கணும். பிரச்சினையே அங்கதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

800 பேர்கிட்ட கேட்ட ஒரு கணிப்புல ஒருத்தருக்கு 48%, இன்னொருத்தருக்கு 46%னு வெச்சுக்கோங்க. பிழை வரம்பு எவ்வளவு? ஒரு சுலபமான வழி: 100-ஐ, கேட்ட ஆட்கள் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுங்க. 800-க்கு வர்க்கமூலம் சுமார் 28.3. அப்போ பிழை ±3.5 புள்ளி.

நிறைய பேர் கவனிக்காத விஷயம், அந்த ±3.5 ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி. ஒருத்தருக்குக் கூடினா இன்னொருத்தருக்குக் குறையும். அதனால *முன்னிலைக்கான* பிழை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ±7. அதாவது "2 புள்ளி முன்னிலை"ங்கறது 9 புள்ளி முன்னிலையாவும் இருக்கலாம், 5 புள்ளி பின்னடைவாவும் இருக்கலாம்.

கணக்குக்குள்ள வராத பிழைகள்

மேல சொன்னது, ஆட்களை சரியா தேர்ந்தெடுத்திருந்தா வர்ற பிழை மட்டும்தான். நிஜத்துல இன்னும் நாலு இருக்கு.

1. யார் போன் எடுக்கறாங்க? தெரியாத நம்பர்ல இருந்து கால் வந்தா நீங்க எடுப்பீங்களா? அங்கயும் அதே கதைதான். ப்யூ ஆய்வு மையத்தோட போன் கணிப்புகளுக்கு 1997-ல 36% பேர் பதில் சொன்னாங்க. 2018-ல அது 6%. பதில் சொல்றவங்களும் சொல்லாதவங்களும் வேற வேற மாதிரி ஓட்டு போட்டா, எத்தனை பேர்கிட்ட கேட்டும் பிரயோஜனம் இல்ல.

2. எடை போடறதுல தப்பு. கல்லூரிப் படிப்பு முடிச்சவங்க கணிப்புகளுக்கு அதிகமா பதில் சொல்வாங்க. 2016-ல பல மாநிலக் கணிப்புகள் இதை சரிக்கட்டல. விஸ்கான்சின்ல சராசரி ஹிலாரிக்கு சுமார் 6 புள்ளி முன்னிலை காட்டுச்சு. டிரம்ப் 22,748 ஓட்டுல ஜெயிச்சார்.

3. யார் நிஜமா ஓட்டுப் போடப் போவாங்க? "போவேன்"னு சொல்ற எல்லாரும் போறதில்ல. இதை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில ஊகிக்குது.

4. கூட்டத்தோட சேர்ந்துக்கறது. நாம மட்டும் தனியா தப்பாயிடக் கூடாதுன்னு, மத்தவங்க நம்பருக்குப் பக்கத்துலயே தன் நம்பரையும் கொண்டு வர்றது. 2024-ல ஸ்விங் மாநிலக் கணிப்புகள் சந்தேகப்படற அளவுக்கு ஒரே மாதிரி இருக்குன்னு நேட் சில்வர் தேர்தலுக்கு முன்னாடியே எழுதினார்.

2016-க்கு அப்புறம் படிப்பு சம்பந்தமான தப்பை நிறைய பேர் திருத்தினாங்க. ஆனாலும் 2020 அக்டோபர் கடைசியில ஏபிசி – வாஷிங்டன் போஸ்ட் கணிப்பு விஸ்கான்சின்ல பைடனுக்கு 17 புள்ளி முன்னிலை காட்டுச்சு. வந்த ரிசல்ட்? 0.6 புள்ளி.

ஏழு மாநிலமும் ஒரே பக்கம் சாயும்

உங்ககிட்ட அஞ்சு மியூச்சுவல் ஃபண்ட் இருக்கு, அஞ்சுலயும் அதே ஹெச்டிஎஃப்சி பேங்க், ரிலையன்ஸ், இன்ஃபோசிஸ். இதை டைவர்சிஃபிகேஷன்னு சொல்ல முடியுமா? இறங்கினா அஞ்சும் சேர்ந்து இறங்கும்.

கணிப்புகளும் அப்படித்தான். ஒரு மாநிலத்துல யாரைத் தவறவிட்டாங்களோ, பக்கத்து மாநிலத்துலயும் அவங்களைத்தான் தவறவிட்டிருப்பாங்க. 2024-ல கடைசி சராசரிகள் பெரும்பாலான ஸ்விங் மாநிலங்கள்ல 2 புள்ளிக்கும் குறைவான வித்தியாசம் காட்டுச்சு. டிவியில "ஆளுக்குப் பாதி மாநிலம்"னு பேசினாங்க. டிரம்ப் ஏழையும் ஜெயிச்சார், மொத்தம் 312 தேர்வாளர் ஓட்டு. புள்ளிக் கணக்குல பிழை சின்னதுதான். ஆனா எல்லா மாநிலத்துலயும் ஒரே பக்கம் போனதால முடிவு பெருசா தெரிஞ்சது.

"அப்போ டிரம்ப் கட்சிக்கு 3 புள்ளி கூட்டிப் போட்டுக்கலாமே?"

கூடாது. 2012-ல ரியல்கிளியர் பாலிடிக்ஸோட தேசிய சராசரி ஒபாமாவுக்கு 0.7 புள்ளி முன்னிலை காட்டுச்சு; அவர் 3.9 புள்ளியில ஜெயிச்சார். அங்க பிழை எதிர்ப்பக்கம். பிழை வரும்னு சொல்லலாம், எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. முன்னாடியே தெரிஞ்சா கணிப்பு நடத்தறவங்களே திருத்தியிருப்பாங்களே!

இப்போ உங்க காசுக்கு வருவோம்

கணிப்பை வெச்சு ஃபண்டை விக்கறவர் மூணு பந்தயம் கட்டறார்: யார் ஜெயிப்பார், மார்க்கெட் எந்தப் பக்கம் போகும், திரும்ப எப்போ வாங்கணும். ஒவ்வொண்ணுலயும் 60% சரியா சொல்வீங்கன்னு வெச்சுக்குவோம். மூணும் சரியா அமைய வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, கிட்டத்தட்ட 22%.

ரெண்டாவது பந்தயமே எவ்வளவு கஷ்டம்னு 2016 காட்டுச்சு. டிரம்ப் ஜெயிக்கறார்னு தெரிஞ்ச ராத்திரி எஸ்&பி 500 ஃபியூச்சர்ஸ் 5% இறங்குச்சு. மறுநாள் எஸ்&பி 500 சுமார் 1.1% ஏறி முடிஞ்சது. நம்ம ஊர்ல அதே நவம்பர் 9, பணமதிப்பிழப்பு அறிவிச்ச மறுநாள். சென்செக்ஸ் 1,600 புள்ளிக்கு மேல விழுந்துட்டு, கடைசியில 340-க்கும் குறைவான நஷ்டத்துல நின்னுச்சு. காலையில பதறி வித்தவங்களுக்குத்தான் முழு அடி.

செலவும் இருக்கு. நம்ம ஊர் ஈக்விட்டி ஃபண்டை ஒரு வருஷத்துக்குள்ள வித்தா லாபத்துல 20% வரி, பல ஃபண்டுகள்ல எக்ஸிட் லோடும் உண்டு.

என்ன பண்ணலாம்?

- தனி ஒரு கணிப்பைப் பார்க்காதீங்க, சராசரியைப் பாருங்க. முன்னிலை 4 புள்ளிக்குள்ள இருந்தா "யாருக்கு வேணா போகலாம்"னு படிங்க.
- "70% வாய்ப்பு"ன்னா ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. 2016-ல ஃபைவ்தர்ட்டிஎய்ட் டிரம்புக்கு சுமார் 29% கொடுத்திருந்தது. பத்துல மூணு தடவை நடக்கற விஷயம் நடக்கத்தான் செய்யும்.
- அடுத்த ரெண்டு வருஷத்துல தேவைப்படற காசு, தங்கச்சி கல்யாணமோ வீட்டுக்கான முன்பணமோ, தேர்தல் இருந்தாலும் இல்லாட்டியும் ஈக்விட்டியில இருக்கக் கூடாது. எஃப்டி, லிக்விட் ஃபண்ட் பக்கம் மாத்திடுங்க.
- பத்து வருஷத்துக்கான எஸ்ஐபியை நிறுத்தாதீங்க. அமெரிக்க ஃபண்டு எவ்வளவு இருக்கணும்னு சதவீதத்துல முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க.
- ஐடி வேலையில இருந்து விசா பயம் இருந்தா, அதுக்கு மருந்து ஃபண்டை விக்கறது இல்ல. ஆறு மாச செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டு.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: 600 பேர்கிட்ட கேட்ட மிச்சிகன் கணிப்புல 49–46. முன்னிலைக்கான பிழை எவ்வளவு? இதை நம்பி ₹1 லட்சம் நகர்த்துவீங்களா? கணக்கு போட்டு கமெண்ட்ல சொல்லுங்க.

*இது கத்துக்கறதுக்காக மட்டும். முதலீட்டு முடிவுக்கு முன்னாடி செபியில பதிவு பண்ண ஆலோசகரைப் பாருங்க.*