படகில் ஏறியவரை எண்ணுங்கள்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதி மக்களுக்குப் படகு நேரம் சொல்லும் செயலி வடிவமைக்கும் நீங்கள் என் அனுபவத்திலிருந்து ஒரு பாடத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தரம் திறந்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கை வைத்துப் பாவனையாளரின் ஈடுபாட்டை மதிப்பிடாதீர்கள். இந்தத் தொழிலில் கூடிய நட்டத்தைத் தரும் பிழை இதுதான். பணம் போடுபவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்; நான் எப்போதும் மறுத்தே வந்திருக்கிறேன். மற்றபடி எழுத்தைப் பெரிதாக்குவது, தமிழோடு சிங்களத்திலும் தருவது, சிக்னல் இல்லாத இடத்திலும் கடைசியாகக் கிடைத்த நேர அட்டவணையைக் காட்டுவது எல்லாம் வழமையான வேலைகள். செய்துவிட்டுக் கடந்து போகலாம்.

நெடுந்தீவுக்குப் போகிறவருக்கு வேண்டியது ஒரே பதில்: குறிகட்டுவானிலிருந்து இன்றைக்குப் படகு போகுமா, எத்தனை மணிக்கு? பதில் கிடைத்தவுடன் போனை வைத்துவிட்டு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிவிடுவார். வாடைக்காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும் நாளில்தான் அவர் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறப்பார், பதில் கிடைக்காததால். அன்றைக்கு வரைபில் ஏறும் கோட்டைக் காட்டி வெற்றி என்று சொல்பவர்கள், பாவனையாளரின் தவிப்பையே எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து திறக்கும் ஊரவர்களும் அதே கணக்கில் விழுவார்கள். அவர்களின் பாசம் உண்மையானது. ஆனால் அவர்கள் நாளைக்குப் படகு ஏறப் போவதில்லை. மறுபக்கம், வீட்டில் ஒருவர் பார்த்து மற்ற எல்லாருக்கும் சொல்லிவிடுவார். அவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

அப்படியென்றால் விளம்பரம் தருபவருக்கு எதைக் காட்டுவது என்று கேட்பீர்கள். யூடியூப் 2012இல் பார்வை எண்ணிக்கையை விட்டுப் பார்த்த நேரத்தை முதன்மைப்படுத்தியது. அங்கே பார்ப்பதே பாவனையாளர் வந்த வேலை, ஆகவே அது பொருந்தும். கூகுள் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஹார்ட் என்ற அளவீட்டு முறையோ, ஈடுபாட்டையும் வந்த வேலை முடிந்ததா என்பதையும் இரண்டு தனித் தலைப்புகளாகவே வைத்தது. படகுச் செயலிக்கு இரண்டாவதுதான் உயிர். ஒரு தரம் பார்த்ததோடு பயணம் நடந்ததா, அடுத்த பயணத்துக்கும் அவர் இதையே பார்த்தாரா என்று அளந்து காட்டுங்கள்.

அடிக்கடி திறக்காவிட்டால் மறந்துவிடுவார்களே என்பது இன்னொரு வாதம். கடலைக் கடந்தே ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் போகவேண்டியவர், சரியான தகவல் தரும் இடத்தை மறக்கமாட்டார். ஒருநாள் பிழையான நேரத்தை நம்பி இறங்குதுறையில் நின்றால்தான் செயலியைக் கைவிட்டு, பழையபடி தெரிந்தவருக்குப் போன் எடுப்பார். நினைவூட்டுகிறோம் என்று தினமும் காலை வணக்கம் அனுப்பினால் அறிவித்தலையே நிறுத்திவிடுவார். படகு இல்லை என்ற முக்கியச் செய்தி அவரைச் சேராது. படகு நின்றால் அல்லது நேரம் மாறினால் மட்டும் அறிவியுங்கள். எதை வெற்றி என்று கொள்வது என்பதை வேலை தொடங்குமுன் ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரின் பணத்தை வாங்காதீர்கள்.